மூளைத் துலங்கல்களைக் கிளஸ்டராகப் பிரிக்கப் போகிறீர்களா? தொடங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

மூளைத் துலங்கல் (படம், பரிசு போன்ற ஒன்றுக்கு மூளை காட்டும் எதிர்வினை) ஒத்தவர்களைக் குழுவாகப் பிரிக்கும் கிளஸ்டரிங் நிரலை ஓட்ட எனக்கு ஒரு மதியம்தான் ஆனது. அந்த மதியத்துக்கு வந்து சேர 14 மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடிய தாமதம். கையெழுத்துகளை முன்பின்னாகக் கேட்டேன், வட்டில் இடம் போதாமல் கணினி பாதியில் நின்றது, வந்துவிட்டது என்று நம்பிய முடிவு ஒரே கேள்வியில் கலைந்தது. போதைப் பழக்க ஆய்வில் முதன்முதலாக இந்த வேலையைத் தொடுகிற முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைத்தான், ஆர் (R) ஆகிய நிரல்மொழிகளில் ஒன்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். நான் செய்தது புகைபிடிப்பவர்களின் எஃப்எம்ஆர்ஐ (மூளை இயங்குவதைப் படமெடுக்கும் ஸ்கேன்) தரவில். மது, ஓபியாய்டு, கோகைன் என்று எதை எடுத்தாலும் பாதை ஏறக்குறைய இதுதான்.

1. எந்தக் கிளஸ்டர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தத் துறையில் கிளஸ்டர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நெறியாளர் ஒன்றை நினைத்துச் சொல்வார், நீங்கள் மற்றதை நினைத்துத் தலையாட்டிவிட்டு வருவீர்கள். எனக்கு இதிலேயே மூன்று வாரம் போனது.

முதல் பொருள், மூளைப் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒளிரும் வாக்ஸல்களின் (படத்தின் சின்னஞ்சிறு கனசதுரப் புள்ளிகளின்) கூட்டம். சிகரெட் படம் பார்க்கும்போது மூளையின் எந்தப் பகுதி மிகையாகத் துலங்குகிறது என்று கேட்கும்போது வருவது இது. இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. எக்லுண்ட், நிக்கல்ஸ், நட்சன் மூவரும் 2016இல் வெளியிட்ட கட்டுரை, பரவலாகப் பயன்பட்டு வந்த மென்பொருள்களில் இந்தக் கிளஸ்டர் சோதனை 5 சதவீதத்துக்குப் பதிலாகச் சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை, இல்லாத துலங்கலை இருப்பதாகச் சொல்லும் பொய் முடிவு தருகிறது என்று காட்டியது. கிளஸ்டரை வரையறுக்கும் தொடக்க வரம்பை 0.01 என்று தளர்வாக வைத்தபோது பாதிப்பு மோசமாக இருந்தது. 0.001 வைத்தால் பெருமளவு குறைகிறது. வரிசை மாற்றிச் சோதிக்கும் பெர்முடேஷன் முறை இன்னும் பாதுகாப்பு.

இரண்டாவது பொருள், மனிதர்களைப் பிரிப்பது. ஒரே பழக்கம் உள்ளவர்களின் மூளை ஒரே மாதிரியா துலங்குகிறது, அல்லது அவர்களுக்குள்ளேயே இரண்டு மூன்று வகை இருக்கிறதா என்ற கேள்வி. இந்தக் கட்டுரை இதைப் பற்றியது.

நெறியாளரிடம், “வாக்ஸலைப் பிரிக்கிறோமா, ஆட்களைப் பிரிக்கிறோமா?” என்று கேட்டு, வந்த பதிலை மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

ஆட்களைப் பிரிக்க ஒரு காரணம் வேண்டும். நல்ல முன்மாதிரி, அமெரிக்காவின் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ஃபிரான்செஸ்கோ வெர்சாச்சியின் குழு செய்தது. புகையை விட விரும்பிய 180 பேருக்குச் சிகரெட் படங்கள், மனதுக்கு இனிய படங்கள், வெறுப்பூட்டும் படங்கள், சாதாரணப் படங்கள் ஆகியவற்றைக் காட்டி, தலையில் மின்முனைகள் பொருத்தும் இஇஜியில் மூளை அலையை அளந்தார்கள். ஒத்த எண்கள் உள்ளவர்களைச் சொன்ன எண்ணிக்கையில் குழுக்களாக்கும் கே-மீன்ஸ் முறையில் இரண்டு குழு பிரிந்தது. இனிய படங்களுக்கு மூளைத் துலங்கல் மங்கியிருந்த குழுவினர், பிறகு புகையின்றி நீடிப்பது குறைவாக இருந்தது. 2012இல் வந்த ஆய்வு இது.

இதில் கவனிக்க வேண்டியது, பிரித்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை. பிரித்த பிறகு, பிரிப்பில் சேராத ஒன்றை, அதாவது 24 வாரம் வரை யார் புகைக்காமல் இருந்தார் என்பதைப் பார்த்தார்கள். உங்கள் வாக்கியத்திலும் அந்த வெளி அளவு இருக்க வேண்டும். “புகைபிடிப்பவர்களில் எத்தனை வகை இருக்கிறது?” என்பது கேள்வியே ஆகாது. “சிகரெட்டுக்கும் இனிய படத்துக்கும் வரும் துலங்கலை வைத்துப் பிரித்தால், அந்தப் பிரிவு ஆறு மாதம் கழித்து யார் புகைக்காமல் இருப்பார் என்று சொல்கிறதா?” என்றால் கேள்வி.

எழுதியதும், ஆய்வுத் திட்டங்களைப் பதியும் ஓஎஸ்எஃப் தளத்தில் அதை முன்பதிவு செய்துவிடுங்கள், அதாவது என்ன செய்யப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். செலவில்லை. யாரும் பார்க்கக்கூடாது என்றால் 4 ஆண்டு வரை மூடி வைக்கலாம். தரவைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

3. காகிதங்கள்: வரிசை தவறினால் மாதங்கள் போகும்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான்.

முதலில் நெறிமுறைக் குழுவின் கடிதம். “நான் யாரையும் ஸ்கேன் செய்யவில்லை, ஏற்கெனவே பெயர் நீக்கிய தரவுதான், எனக்கு எதற்கு அனுமதி?” என்று நினைத்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளில் விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் குழுப் பரிசீலனை என்று மூன்று வகை இருக்கிறது. பொதுவில் கிடைக்கும் பெயரில்லாத் தரவுக்கு விலக்கு கிடைக்கலாம். ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்று முடிவு செய்வது குழுதான், நாமே தீர்மானித்துக்கொள்ள முடியாது. தரவு தருபவர்கள் கேட்பதும் அந்தக் கடிதத்தைத்தான். எனக்கு 6 வாரம் ஆனது. குழு எப்போது கூடுகிறது என்று அலுவலகத்தில் விசாரித்து, ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் பிந்தினால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும்.

கொடுக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம் நான்கைந்து பக்கம், மூல ஆய்வின் நெறிமுறை ஒப்புதல் எண், அதில் பங்கேற்றவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் வெற்று நகல், உங்கள் தன்விவரம், நெறியாளர் கடிதம். ஒப்புதல் படிவத்தை உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். “என் தரவைப் பிற ஆய்வாளருடன் பகிரலாம்” என்ற வரி அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தத் தரவை விட்டுவிடுங்கள். போதைப் பழக்கம் பற்றிய தகவல் வெளியே போனால் ஒருவருக்கு வேலை போகும், திருமணம் நிற்கும். அவர் எதற்கு ஒப்புக்கொண்டாரோ அதைத் தாண்டி நாம் போகக்கூடாது.

இரண்டாவது, தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தம். இதில் மாணவரின் கையெழுத்து செல்லாது, நெறியாளர் கையெழுத்தும் பல இடங்களில் போதாது. நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் போட வேண்டும். அவர் யார் என்று எங்கள் நிறுவனத்திலேயே பலருக்குத் தெரியவில்லை. பதிவாளர் அலுவலகத்திலிருந்து நிதிப் பிரிவுக்கும், அங்கிருந்து சட்டப் பிரிவுக்கும் கோப்பு நடந்தது. மூன்று மாதம். நெறிமுறைக் குழுவின் கடிதம் கையில் இல்லாமல் கோப்பை முதலில் அனுப்பியதால், அதில் ஒரு மாதம் வீணாகப் போனது.

மூன்றாவது, நீங்களே புதிதாக ஆட்களைச் சேர்த்து அளப்பதானால் படங்கள். உணர்ச்சி ஆய்வில் பரவலாகப் பயன்படும் படத்தொகுப்பை புளோரிடா பல்கலைக்கழகம் வழங்குகிறது. கட்டணம் கிடையாது. ஆனால் மாணவர் நேரடியாகக் கேட்டால் கிடைக்காது, நெறியாளர் பெயரில் விண்ணப்பியுங்கள். அந்தப் படங்களைக் கட்டுரையிலோ வகுப்புச் சிலைடிலோ அச்சிட்டுவிடாதீர்கள், நிபந்தனை மீறல்.

4. தரவு எங்கே கிடைக்கும்

பழகுவதற்கு, மூளைத் தரவுகளைப் பொதுவில் வைக்கும் ஓபன்நியூரோ தளம். கணக்குக்கூடத் திறக்காமல் தரவிறக்கலாம், காசு கிடையாது. மெக்சிகோவிலிருந்து வந்த சட்மெக்ஸ் கான் என்ற தொகுப்பு அங்கே இருக்கிறது. கோகைன் பழக்கம் உள்ள 74 பேர், ஒப்பீட்டுக்கு 64 பேர். ஒன்றை நினைவில் வையுங்கள். அதில் இருப்பது ஓய்வுநிலை ஸ்கேன், எந்தப் பணியும் கொடுக்காமல் சும்மா படுத்திருக்கும்போது எடுத்தது. படம் காட்டித் துலங்கலை அளந்ததல்ல. வழிமுறையைப் பழகிக்கொள்ள அருமையான தரவு. நமது கேள்விக்கு விடை அதில் கிடைக்காது.

அமெரிக்காவின் ஏபிசிடி ஆய்வு பெரியது. 9, 10 வயதில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 11,800 குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. பரிசு கிடைக்கும்போது மூளை எப்படித் துலங்குகிறது என்று பார்க்கும் சோதனையும் உண்டு. இதற்கு நிறுவனம் அமெரிக்க அரசின் அமைப்பில் பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் கல்லூரி பதிவாகியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டு அப்புறம் கனவு காணுங்கள். அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

மூன்றாவது வழி, ஏற்கெனவே ஸ்கேன் செய்து வைத்திருக்கும் குழுவோடு சேர்வது. நான் அப்படித்தான் 60 பேரின் தரவைப் பெற்றேன். இதில் தரவோடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டியவை: கடைசியாகப் புகைத்து எத்தனை மணி நேரம் ஆன பிறகு ஸ்கேன் எடுத்தார்கள், மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளவு, ஃபாகர்ஸ்ட்ராம் மதிப்பெண் (நிக்கோடின் சார்பை அளப்பது, 6 கேள்வி, 0 முதல் 10 வரை), ஸ்கேன் எடுத்த தேதி, இயந்திரத்தில் இடையில் ஏதாவது மென்பொருள் மாற்றினார்களா என்பது. அரை மணி முன்பு புகைத்தவரும் பன்னிரண்டு மணி நேரமாகப் புகைக்காதவரும் ஒரே படத்தைப் பார்த்தாலும் துலங்கல் ஒன்றாக இருக்காது. அந்த நேரக் குறிப்பு இல்லாவிட்டால் நீங்கள் கண்டுபிடிக்கும் “வகை” நிக்கோடின் ஏக்கமாகக்கூட இருக்கலாம். என்னென்ன குறிக்க வேண்டும் என்பதற்குப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2022இல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டிருக்கிறார்கள். அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. கணினியும் செலவும்

மென்பொருள் எல்லாம் இலவசமாகவே முடியும். ஸ்கேன் தரவைச் சுத்தம் செய்து தயாராக்கும் எஃப்எம்ஆர்ஐபிரெப் இலவசம். அது உள்ளே ஃப்ரீசர்ஃபர் என்ற இன்னொரு மென்பொருளைப் பயன்படுத்துவதால் அதற்கான உரிமக் கோப்பு வேண்டும். பதிவு செய்தால் மின்னஞ்சலில் வந்துவிடும், காசு கிடையாது. அந்தக் கோப்பு இல்லாமல் ஓட்டினால் தொடங்கும்போதே நின்றுவிடும். கோப்புகளை பிட்ஸ் என்ற ஒழுங்கில் பெயரிட்டு அடுக்க வேண்டும். அதற்கு எனக்கு இரண்டு வாரம் ஆனது. சரிபார்க்கும் கருவி ஒரு பிழைகூட இல்லை என்று சொல்லும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நேரக் கணக்கு இது: ஒருவருக்குச் சுமார் 8 மணி நேரம். 64 ஜிபி நினைவகம் உள்ள ஆய்வகக் கணினியில் ஒரே நேரத்தில் இருவரை ஓட்டினேன். 60 பேருக்கு 10 நாள். மூளை மேற்பரப்பை வரையும் பகுதியை நிறுத்தி வைத்தால் நேரம் வெகுவாகக் குறையும். உங்கள் கேள்விக்கு மேற்பரப்பு தேவையா என்று முதலில் யோசியுங்கள்.

இடம்தான் கழுத்தைப் பிடிக்கும். மூலத் தரவு சின்னது. இடைக்காலக் கோப்புகள் ஊதிக்கொண்டே போகும். 23ஆவது ஆளில் வட்டு நிரம்பி நின்றுவிட்டது. வெளி வட்டு ஒன்று வாங்கினேன், இந்த வேலையில் என் கைக்காசு போனது அதற்கு மட்டும்தான். ஒவ்வொருவர் முடிந்ததும் அறிக்கையைப் பார்த்துவிட்டு அவருடைய இடைக்காலக் கோப்புறையை நீக்கிவிடுங்கள். இணையத்திலேயே நிரல் ஓட்ட உதவும் கூகுள் கோலாபின் இலவச வசதி அதிகபட்சம் 12 மணி நேரத்தில் துண்டித்துவிடும். இந்தப் படிக்கு அது உதவாது, கிளஸ்டரிங்குக்குத் தாராளமாகப் போதும்.

6. தலை அசைவு

கிளஸ்டரிங் முடிந்த அன்று திரையில் இரண்டு குழுவும் அழகாகப் பிரிந்து நின்றன. ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு. ஆய்வகத்து அக்கா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “தலை அசைவைக் கொண்டு வண்ணம் போட்டுப் பாரேன்” என்றார். போட்டேன். ஆரஞ்சுக் குழுவில் இருந்த 25 பேரில் 19 பேர் அதிகம் அசைந்தவர்கள். வகை என்று நான் கண்டது இருமலை. நெடுநாள் புகைபிடித்தவர் படுத்தால் இருமுவார், இருமினால் தலை அசையும், அசைந்தால் சமிக்ஞை குலையும். அன்று இரவே பழைய கோப்புறையை மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆகவே: ஒவ்வொருவருக்கும் சராசரி அசைவு எண்ணை எடுத்து அட்டவணையில் தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) வையுங்கள். எவ்வளவு அசைந்தால் நீக்குவீர்கள் என்று முன்பதிவிலேயே எழுதுங்கள். கிளஸ்டர் கிடைத்ததும் அசைவு, வயது, பாலினம், ஸ்கேன் தேதி, இயந்திரம் ஆகிய ஐந்தையும் வைத்து ஐந்து முறை வண்ணம் போட்டுப் பாருங்கள். பல இயந்திரங்களின் தரவு என்றால் காம்பாட் என்ற புள்ளியியல் திருத்த முறையில் இயந்திர வேறுபாட்டைக் குறைக்கலாம். ஆனால் பழக்கம் உள்ளவர் எல்லாம் ஓர் இயந்திரத்திலும் இல்லாதவர் எல்லாம் மற்றதிலும் இருந்தால் எந்தத் திருத்தமும் காப்பாற்றாது.

7. எதை வைத்துப் பிரிப்பது

மூளையில் லட்சக்கணக்கான வாக்ஸல், உங்களிடம் 60 பேர். எல்லாவற்றையும் உள்ளே கொட்டாதீர்கள். நான்கைந்து எண் போதும். சிகரெட் படத் துலங்கலிலிருந்து சாதாரணப் படத் துலங்கலைக் கழித்தது, இனிய படத்திலிருந்து சாதாரணத்தைக் கழித்தது, இவற்றை முன்கூட்டியே தேர்ந்த இரண்டு பகுதிகளில் எடுத்தால் ஆளுக்கு நான்கு எண். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெரிய எண் உள்ள பத்தியே முடிவைத் தீர்மானித்துவிடும்.

எலியட் குழு 2020இல் தொகுத்த கணக்கில், பணி கொடுத்து எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ அளவுகளின் மறுசோதனை நம்பகத்தன்மை சராசரியாக 0.4க்குச் சற்றுக் கீழே (1 என்றால் முழு நம்பகம்). ஒரே ஆளை அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன் செய்தால் எண் கணிசமாக மாறலாம் என்று பொருள். இன்று நீலத்தில் இருப்பவர் அடுத்த மாதம் ஆரஞ்சில் இருக்கலாம். ஒருவரிடம் போய் “நீங்கள் இந்த வகை, உங்களுக்கு விடுவது கடினம்” என்று சொல்ல இது போதாது. மறுஸ்கேன் உள்ள தரவு கிடைத்தால் விடாதீர்கள்.

8. கிளஸ்டர் உண்மையிலேயே இருக்கிறதா

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். கே-மீன்ஸிடம் இரண்டு கேட்டால் இரண்டு தரும், ஐந்து கேட்டால் ஐந்து தரும். “இங்கே பிரிவே இல்லை” என்று அது சொல்லாது. ஒரு குடம் தண்ணீரைக் கொடுத்தாலும் பாதி பாதியாக ஊற்றித் தந்துவிடும்.

சிலவற்றைத்தான் நான் நம்புகிறேன். முதலாவது, பொய்த் தரவுச் சோதனை. உங்கள் தரவின் சராசரியையும் பத்திகளுக்கிடையிலான தொடர்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பிரிவே இல்லாத ஒற்றை மேடான தரவை ஆயிரம் முறை உருவாக்குங்கள். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து சில்ஹவுட் மதிப்பெண் (குழுக்கள் எவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்கின்றன என்ற அளவு) எடுங்கள். உங்கள் உண்மைத் தரவின் மதிப்பெண் அந்த ஆயிரத்தில் எங்கே நிற்கிறது? முதல் சுற்றில் எனக்கு 0.31 வந்து மகிழ்ந்திருந்தேன். பொய்த் தரவிலேயே மூன்றில் ஒரு பங்கு அதைத் தாண்டியது. நான்கு எண்களும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால், எல்லாம் கூடுதலாக உள்ளவர், எல்லாம் குறைவாக உள்ளவர் என்று தொடர்ச்சியான ஒன்றை நடுவில் வெட்டியிருந்தேன். எத்தனை குழு என்று கணிக்கும் கேப் ஸ்டாட்டிஸ்டிக் முறையும் பயன்படும், “ஒன்றே ஒன்றுதான்” என்ற விடையையும் அது தரக்கூடியது.

இந்தச் சோதனை எவ்வளவு அவசியம் என்பதற்கு மனச்சோர்வு ஆய்விலிருந்து ஓர் உதாரணம். 2017இல் நேச்சர் மெடிசின் இதழில் மூளை இணைப்பை வைத்து நான்கு வகை மனச்சோர்வு உண்டு என்று ஒரு கட்டுரை வந்தது. டிங்கா குழு 2019இல் அதே வழியை வேறு தரவில் செய்து பார்த்தபோது, பிரிவு இருக்கிறது என்று சொல்லப் புள்ளியியல் ஆதாரம் கிடைக்கவில்லை.

இரண்டாவது, நிலைத்தன்மை. ஆட்களைத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்துப் பிரித்து, அதே குழு மறுபடி வருகிறதா என்று, இரண்டு குழு எவ்வளவு ஒன்றிப்போகிறது என்று சொல்லும் ஜக்கார்டு அளவால் பாருங்கள். ஆர் மொழியில் கிளஸ்டர்பூட் என்ற கட்டளை இதைச் செய்யும். 0.75க்கு மேல் என்றால் நிலையானது, 0.6க்குக் கீழே என்றால் நம்பாதீர்கள்.

பைத்தானில் செய்பவர்களுக்கு ஒரு நுணுக்கம்: சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரல்தொகுப்பின் 1.4 பதிப்பிலிருந்து கே-மீன்ஸ் இயல்பாக ஒரே ஒரு தொடக்கப் புள்ளியில் ஓடி நின்றுவிடுகிறது. முன்பு 10 முறை ஓடிச் சிறந்ததைத் தரும். தொடக்க எண்ணிக்கையை நீங்களே 50 என்றோ 100 என்றோ எழுதிவிடுங்கள். சீரற்ற எண்ணின் விதையையும் (அந்த எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணையும்) குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் நாளை ஓட்டினால் வேறு குழு வரும்.

9. வெளி அளவால் சோதியுங்கள்

எந்த எண்களை வைத்துப் பிரித்தீர்களோ அதே எண்களில் குழுக்களுக்கு வேறுபாடு இருக்கிறதா என்று டி-சோதனை (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) செய்யாதீர்கள். வேறுபாடு வரத்தான் செய்யும், அதற்காகத்தான் பிரித்தீர்கள். இந்தத் தவறு அச்சில் வந்த கட்டுரைகளிலும் கிடக்கிறது, பார்த்துப் பழகிவிடாதீர்கள்.

புகையை விட்டாரா என்பதை வாய்ச்சொல்லோடு மூச்சுச் சோதனையும் சேர்த்துப் பாருங்கள். தொடர்பிலிருந்து விலகிப் போனவர்களைப் புகைப்பவராகக் கணக்கிடுவது வழக்கம். அப்படிச் செய்யப் போகிறீர்களா என்பதை முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு அசைவைச் சரிசெய்து, சிலரை நீக்கிய பிறகு 51 பேர் மிஞ்சினார்கள், அதில் புகையை விட்டவர்கள் 11 பேர். இந்த எண்ணிக்கையில் எந்தக் குழுவைப் பற்றியும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. தரவு வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், இன்னும் இரண்டு மையங்களின் தரவையும் அப்போதே கேட்டிருப்பேன்.

10. எழுதி முடித்து, கோப்பை மூடுதல்

முடிவு “பிரிவு தெரியவில்லை” என்றால் அப்படியே எழுதுங்கள், முன்பதிவு இருப்பதால் அதுவும் மதிக்கப்படும். இதழில் வருவதற்கு முன்பே கட்டுரையைப் பொதுவில் வைக்கும் முன்அச்சுத் தளத்தில் போடச் செலவில்லை. இதழ்க் கட்டணத்தை அனுப்பும் முன்பே பாருங்கள். ஒரு முன்னணி மூளைப் பட இதழின் கட்டணம் 3,450 டாலராக உயர்ந்ததை எதிர்த்து அதன் ஆசிரியர் குழு 2023இல் மொத்தமாக விலகி, கட்டணம் குறைந்த வேறொரு இதழைத் தொடங்கியது. கட்டண விலக்கைக் கட்டுரை அனுப்பும்போதே கேட்க வேண்டும், ஏற்ற பிறகு கேட்டால் பல இதழ்கள் தருவதில்லை.

தமிழில் எழுதும்போது “போதை அடிமைகள்” என்று போடாதீர்கள். “புகைப்பழக்கம் உள்ளவர்கள்” என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அவர்கள் அந்தக் குழாய்க்குள் முக்கால் மணி நேரம், இருமலை அடக்கிக்கொண்டு, நமக்காகப் படுத்திருந்தவர்கள்.

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் மூலத் தரவை நீக்கி, நீக்கியதற்கான கடிதத்தை அனுப்புங்கள். வெளி வட்டில் ஒரு பிரதி, ஆய்வகக் கணினியில் ஒரு பிரதி, கோலாபோடு இணைந்த கூகுள் டிரைவில் ஒரு பிரதி என்று மூன்று இடம் இருக்கும். மூன்றாவதை நான் மறந்திருந்தேன், கடிதத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது.